முப்பொழுதும் கன்னி: மரியாவைக் குறித்த போதனையில் திருச்சபைகள் பிரியும் இடம் எது?

பழஞ்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

இயேசு கன்னியிடம் பிறந்தார் என்பதில் கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கும் சீர்திருத்தத்தின் வழிவந்த (புரோட்டஸ்தாந்து) சபைகளுக்கும் இடையே பிணக்கு இல்லை. பழைய விசுவாச அறிக்கைகளை ஏற்கும் எல்லாரும் அதை ஒரே குரலில் சொல்கிறார்கள். பிணக்கு அதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது. இயேசுவைக் கருத்தாங்கும்போதும், பெற்றெடுக்கும்போதும், பெற்ற பின் வாழ்நாள் முழுவதும் மரியா கன்னியாகவே இருந்தார் என்பதுதான் ‘முப்பொழுதும் கன்னி’ என்ற தொடரின் பொருள். இந்த மூன்றில் முதலாவதை எல்லாரும் ஏற்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலோர் பேசுவதே இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் நெடுங்காலமாக வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது கேள்வி நற்செய்தி நூல்களில் வரும் ‘இயேசுவின் சகோதரர்கள்’ யார் என்பதில் வந்து நிற்கிறது. இதற்குப் பழங்காலத்திலேயே மூன்று விடைகள் இருந்தன. அவர்கள் யோசேப்புக்கும் மரியாவுக்கும் பின்னர் பிறந்தவர்கள் என்று 4ஆம் நூற்றாண்டில் உரோமையில் எல்விதியுஸ் எழுதினார். யோசேப்பின் முந்தைய மனைவிக்குப் பிறந்தவர்கள் என்று சலாமிஸ் ஆயர் எப்பிபானியுஸ் வாதிட்டார். அவர்கள் இயேசுவுக்குச் சித்தி முறையான ஒரு மரியாவின் பிள்ளைகள், அதாவது ஒன்றுவிட்ட சகோதரர்கள், என்று விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் கூறினார். ஆங்கிலிக்க அறிஞர் லைட்ஃபுட் 1865ஆம் ஆண்டு கலாத்தியர் மடலுக்கு எழுதிய உரையில் இம்மூன்றையும் இந்த மூவரின் பெயராலேயே வகைப்படுத்தினார். அந்த வகைப்பாடு இன்றும் நிலைத்திருக்கிறது.

நான் இந்த இழையைத் தொடங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். இரு தரப்பாரும் தங்களிடம் உள்ள வலுக்குறைந்த வாதத்தையே முன்வரிசையில் நிறுத்துவதைப் பல இடங்களில் காண்கிறேன். போதனையை ஆதரிப்பவர்கள் எரோணிமுஸின் விளக்கத்தைப் போதனையோடு ஒன்றாக்கி, அது விழுந்தால் இதுவும் விழும் என்பதுபோல் வாதாடுகிறார்கள். மறுப்பவர்கள் இதை இடைக்கால உரோமை கண்டுபிடித்த ஒன்று என்கிறார்கள். இரண்டுமே வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. அவரவர் தம் தரப்பின் வலுவான வாதத்தையே எழுத வேண்டுகிறேன்.

பெரேயா வாசகன்

நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். என் தரப்பை வேதாகமத்திலிருந்தே சொல்கிறேன்.

மாற்கு 6:3இல் ஊரார் இயேசுவை மரியாளின் குமாரன் என்றும், யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் ஆகியோருக்குச் சகோதரன் என்றும் சொல்லி, அவருடைய சகோதரிகள் தங்களிடையே இருக்கிறார்கள் என்றும் கூறுகிறார்கள். தாயின் பெயரும் சகோதரரின் பெயர்களும் ஒரே மூச்சில் வருகின்றன. மாற்கு 3:31இல் தாயும் சகோதரரும் சேர்ந்தே வெளியே வந்து நிற்கிறார்கள்; யோவான் 2:12இல் கப்பர்நகூமுக்குச் சேர்ந்தே போகிறார்கள்; அப்போஸ்தலர் 1:14இல் சேர்ந்தே ஜெபிக்கிறார்கள். இவற்றைப் படிக்கும் ஒருவருக்கு, வேறொரு போதனை முன்பே மனத்தில் இல்லாதவரை, ஒரு தாயும் அவள் பிள்ளைகளும் என்ற எண்ணம்தான் தோன்றும்.

மத்தேயு 1:25, அவள் தன் முதற்பேறான குமாரனைப் பெறுமளவும் யோசேப்பு அவளை அறியாதிருந்தான், அதாவது அவளோடு கூடவில்லை, என்கிறது. அதே அதிகாரத்தின் 18ஆம் வசனம் அவர்கள் ‘கூடி வருமுன்னே’ என்று தொடங்குகிறது. எழுதியவருக்கு முக்கியமானது இயேசு ஆணின்றி உருவானார் என்பதே. பிறப்புக்குப் பின் நடந்ததை அவர் மறைக்கவும் இல்லை, வேலி போட்டுக் காக்கவும் இல்லை. சங்கீதம் 69இன் 9ஆம் வசனத்தை யோவான் 2:17 கிறிஸ்துவுக்குப் பொருத்துகிறது. அதற்கு முந்தின வசனம் ‘என் தாயின் பிள்ளைகளுக்கு அந்நியனும் ஆனேன்’ என்கிறது.

என் மனத்தை உண்மையில் உறுத்துவது வேறொன்று. விவாகம் கனமுள்ளது என்று எபிரெயர் 13:4 சொல்கிறது. மரியாள் யோசேப்போடு இல்லறம் நடத்தியிருந்தால் அவளுடைய பரிசுத்தம் எவ்விதத்தில் குறைந்திருக்கும்? குறையும் என்று எண்ணுகிறவர், தாம் அறியாமலேயே, விவாகத்தைப் பற்றி வேதம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறார். இந்தப் போதனையை நான் மறுப்பது மரியாளைத் தாழ்த்துவதற்காக அல்ல.

திருவழிபாட்டு மாணவி

பெரேயா வாசகன் ஐயா எழுதியதில் கடைசிப் பத்தியை நான் மதிக்கிறேன். அதற்குத் தனியாக வருகிறேன். முதலில் வசனங்கள்.

‘வரை’ என்ற இணைப்பு, அதற்குப் பின் நிலைமை மாறியது என்று எப்போதும் பொருள்படுவதில்லை. தாவீதின் மனைவி மீக்காலுக்கு (உங்கள் வேதாகமத்தில் மீகாள்) சாகும் நாள்வரை பிள்ளையில்லை என்று 2 சாமுவேல் 6:23 சொல்கிறது. இறந்த பின் பெற்றார் என்று யாரும் கொள்ளமாட்டார்கள். யோவான் கிறிசோஸ்தோம் இதே வசனத்தை விளக்கும்போது இப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகளையே தந்தார். ‘தலைப்பேறு’ (நீங்கள் சொன்ன ‘முதற்பேறு’) என்பதும் அடுத்த பிள்ளையை எதிர்பார்க்கும் சொல்லன்று. சட்டப்படி தலைப்பேறானவர் பிறந்தவுடனேயே கடவுளுக்கு உரியவர். சங்கீதம் 69ஐப் பொறுத்தவரை, அதன் 5ஆம் வசனம் பாடுகிறவருடைய மதிகேட்டையும் குற்றங்களையும் பேசுகிறது. அதைக் கிறிஸ்துவுக்குப் பொருத்தாதபோது 8ஆம் வசனத்தை மட்டும் வரலாற்றுக் குறிப்பாக எடுப்பது முறையாகுமா?

நேர்மறையாகவும் இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, வானதூதரிடம் மரியா கேட்ட கேள்வி (லூக்கா 1:34). அவர் ஏற்கெனவே மண ஒப்பந்தமானவர். சில மாதங்களில் கணவன் வீட்டுக்குப் போகவிருக்கும் பெண்ணிடம் நீ ஒரு மகனைப் பெறுவாய் என்றால், அது எப்படி நிகழும் என்று அவர் வியக்க என்ன இருக்கிறது? அவர் முன்பே தம் கன்னிமையை இறைவனுக்கு அர்ப்பணித்திருந்தார் என்று அகுஸ்தினார் முடிவு செய்ததற்கு இந்தக் கேள்விதான் அடிப்படை. இரண்டு, சிலுவையடியில் இயேசு தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தது (யோவான் 19:26–27). வயிற்றில் பிறந்த வேறு நான்கு ஆண்மக்கள் உயிரோடு இருக்கும்போது இது நடந்திருக்குமா?

பெரேயா வாசகன்

சகோதரிக்கு நன்றி. ‘வரை’ என்ற சொல் தனியாக எதையும் தீர்க்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்க்காது என்பது இரு பக்கத்துக்கும் பொருந்தும். மீகாளின் வரலாற்றில் முடிவுநாள் மரணம். இங்கே முடிவுநாள் ஒரு குழந்தையின் பிறப்பு, பேச்சோ புதிதாக மணமான இருவரைப் பற்றியது.

சிலுவையடியைப் பற்றி: யோவான் 7:5 அந்தச் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. விசுவாசிக்கிற ஒருவரிடம் தாயை ஒப்படைத்ததில் வியப்பில்லை. அதோடு, அவர்கள் யோசேப்பின் மூத்த மனைவியின் பிள்ளைகளாக இருந்தாலும் மாற்றாந்தாயைக் காக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. ஆகவே இந்த வாதம் உங்கள் கிழக்கத்திய (ஆர்த்தடாக்ஸ்) நண்பர்களையும் சேர்த்துத் தாக்கும்.

லூக்கா 1:34ஐக் குறித்து: தூதர் சொன்னதை உடனே நடக்கப்போவதாக மரியாள் எடுத்துக்கொண்டிருந்தால், இப்போது நான் கணவனோடு வாழவில்லையே என்ற கேள்வி மிக இயல்பானது. வாழ்நாள் விரதம் எடுத்த பெண் ஏன் மண ஒப்பந்தத்துக்கு இணங்கினாள் என்ற புதிய கேள்விக்கு, வசனத்துக்கு வெளியே போய்த்தான் விடை தேடவேண்டியிருக்கிறது.

ஒன்றுவிட்ட சகோதரர் என்ற எரோணிமுஸின் விளக்கமோ எனக்குச் சற்றும் நிற்கவில்லை. கிரேக்கத்தில் அந்த உறவுக்குத் தனிச்சொல் உண்டு. கொலோசெயர் 4:10இல் மாற்குவுக்கும் பர்னபாவுக்கும் உள்ள உறவைச் சொல்லும்போது அதையே காண்கிறோம். ஆனால் எருசலேமில் தாம் நேரில் கண்ட யாக்கோபை கலாத்தியர் 1:19இல் பவுல் ‘கர்த்தருடைய சகோதரன்’ என்றே குறிக்கிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸும் 62ஆம் ஆண்டளவில் யாக்கோபு கொல்லப்பட்டதை எழுதும்போது ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்’ என்கிறார். 2ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் எகேசிப்புஸ், குலோப்பாவின் மகன் சிமெயோனுக்கு அந்த வேறு உறவுச்சொல்லைப் பயன்படுத்திவிட்டு, யாக்கோபைச் சகோதரன் என்றே அழைக்கிறார். அந்த வேறுபாட்டை அவர் அறிந்தே எழுதினார் என்று தெரிகிறது.

கீழைத்திருச்சபை

எங்களையும் சேர்த்துத் தாக்கும் என்று பெரேயா வாசகன் சொன்னதால் எழுதுகிறேன்.

கீழைத்திருச்சபை, பொதுவாக, எரோணிமுஸின் விளக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் மரபில் யாக்கோபும் மற்றவர்களும் யோசேப்பின் முதல் மனைவியின் பிள்ளைகள். 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரிஜென், மத்தேயு நற்செய்திக்கான உரையில், பேதுருவின் பெயரிலும் யாக்கோபின் பெயரிலும் வழங்கிய பழைய நூல்களின் அடிப்படையில் சிலர் இவ்வாறு சொல்கிறார்கள் என்று குறிப்பிட்டு, அக்கருத்துக்கு ஆதரவாகவே பேசுகிறார். யாக்கோபின் பெயரில் உள்ள அந்த நூல் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது திருமறை நூல் அல்ல. நாங்களும் அப்படிக் கொள்வதில்லை. ஆனாலும் அந்தக் காலத்திலேயே கிறிஸ்தவர்கள் சிலரிடையே இந்த நம்பிக்கை இருந்தது என்பதற்கு அது சான்று.

இந்த விளக்கத்தில் ‘சகோதரர்’ என்ற சொல்லை வளைக்கத் தேவையில்லை. யோசேப்பு சட்டப்படி இயேசுவின் தந்தையென்றால் யோசேப்பின் மக்கள் இயேசுவின் சகோதரர்களே. மேலும் நற்செய்தி நூல்களில் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். மாற்கு 3:21இல் இயேசுவின் சுற்றத்தார் அவரைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். யோவான் 7:3இல் சகோதரர்கள் அவருக்கு வழி சொல்லித்தருகிறார்கள். தலைப்பேறான அண்ணனிடம் இளையவர்கள் இப்படி அதிகாரத்தோடு பேசுவார்களா? மூத்தவர்கள் இளையவரிடம் பேசும் தொனி அது.

எனினும் எங்கள் நம்பிக்கை இந்த வாதங்களின் மேல் கட்டப்பட்டதன்று. எங்கள் வழிபாட்டில் இறைவனின் தாய் ‘என்றும் கன்னி’ என்றே திரும்பத் திரும்ப அழைக்கப்படுகிறார். அவருடைய திருவோவியங்களில் நெற்றியிலும் இரு தோள்களிலும் தீட்டப்படும் மூன்று விண்மீன்கள் அந்த மூன்று காலத்தையும் குறிப்பவை. 553ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய இரண்டாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் கிறிஸ்துவின் இரு பிறப்புகளை (காலத்துக்கு முன் தந்தையிடமிருந்தும், பின்னர் மரியாவிடமிருந்தும்) அறிக்கையிடும்போது இதே சொல்லை அவருக்கு அளித்தது. ஜெபத்தில் நிலைபெற்றதையே சங்கம் எழுத்தில் வைத்தது.

பேரறிஞர் பசிலியாரின் பெயரில் வழங்கும் கிறிஸ்து பிறப்பு மறையுரை ஒன்றில் எனக்கு மிகவும் பிடித்த நேர்மை ஒன்று உண்டு. கடவுள் மனிதரான திட்டத்துக்குப் பணிசெய்யும்வரை கன்னிமை தேவையாக இருந்தது, அதன்பின் நடந்ததை ஆராய்வது மறைபொருளைச் சார்ந்ததன்று என்று சொல்லிவிட்டு, இறைவனின் தாய் கன்னியாய் இருப்பதை விட்டார் என்று கேட்கக் கிறிஸ்துவை நேசிப்பவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்கிறார். நிரூபணத்தின் மொழியில் அவர் பேசவில்லை.

ஆய்வுநெறி

லூத்தரன் சபையைச் சேர்ந்த வாசகன் நான். இதுவரை யாரும் தொடாத ஒரு பகுதியைச் சொல்லவேண்டும். மரியாளின் நித்திய கன்னிமையை மறுப்பதுதான் சீர்திருத்தத்தின் நிலைப்பாடு என்று எங்கள் சபைகளிலேயே பலர் நம்புகிறார்கள். முதல் தலைமுறைச் சீர்திருத்தவாதிகள் அப்படி எண்ணவில்லை.

மார்ட்டின் லூத்தர் வாழ்நாள் முழுவதும் இதை ஏற்றார். 1530களின் இறுதியில் யோவான் நற்செய்தியின் மேல் ஆற்றிய பிரசங்கங்களிலும் கிறிஸ்து மரியாளின் ஒரே குமாரன், ‘சகோதரர்’ என்பவர்கள் உறவினர் என்றே விளக்கினார். சூரிச்சில் சுவிங்கிலி 1522ஆம் ஆண்டு மரியாளின் என்றுமுள்ள கன்னிமையைப் பற்றிய பிரசங்கத்தையே அச்சிட்டார். 1566ஆம் ஆண்டின் இரண்டாம் எல்வெத்திய விசுவாச அறிக்கை கிறிஸ்து ‘என்றும் கன்னியான மரியாளிடம்’ பிறந்தார் என்கிறது. ஜான் வெஸ்லி 1749ஆம் ஆண்டு ஒரு ரோமன் கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில், அவரைப் பெற்றதற்கு முன்போலவே பின்பும் மரியாள் தூய கன்னியாகவே இருந்தாள் என்று தம் விசுவாசத்தை அறிக்கையிட்டார்.

லூத்தரன் அறிக்கைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. 1537ஆம் ஆண்டின் ஸ்மால்கால்ட் கட்டுரைகளில் லூத்தர் எழுதிய ஜெர்மன் வாசகம் ‘தூய, பரிசுத்த கன்னி’ என்று நிற்கிறது. பின்னர் வந்த லத்தீன் வாசகத்தில்தான் ‘என்றும் கன்னி’ இடம்பெறுகிறது. ஆகவே இது எங்கள் சபையில் கட்டாயமான கோட்பாடா என்று கேட்டால், எங்களுக்குள்ளேயே விடைகள் வேறுபடும்.

கால்வினின் போக்கு தனித்தன்மை உடையது. மத்தேயு 1:25இலிருந்து எல்விதியுஸ் எடுத்த முடிவை அவர் ஏற்கவில்லை. எல்விதியுஸ் அறியாமையால் பேசினார் என்றும் எழுதினார். அதே சமயம், பிறப்புக்குப் பின் நடந்ததை நற்செய்தியாளர் சொல்லவில்லை, வாதத்தில் மோகம் கொண்டவரன்றி வேறெவரும் இதைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டிருக்கமாட்டார் என்று நிறுத்திக்கொண்டார். சபைகள் இந்த நிலையிலிருந்து விலகியது பிற்காலத்தில், வேதாகமத்தை வரலாற்று நூலாக ஆராயும் முறை பரவியதோடும், ரோமையின் மரியன்னை பக்திக்கு எதிர்ப்பு வலுத்ததோடும் சேர்ந்து நிகழ்ந்தது என்பது என் கணிப்பு.

பெரேயா வாசகன்

ஆய்வுநெறி சொன்ன தகவல்கள் சரியானவை. எங்கள் ஆட்கள் அவற்றை அறியவேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் லூத்தரும் சுவிங்கிலியும் எங்களுக்குப் போப்புகள் அல்லர். வேதம் ஒன்றே அளவுகோல் என்று அவர்கள் கற்றுத்தந்ததை அவர்களுடைய கருத்துக்கும் பொருத்துவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. கால்வின் நிறுத்திய இடத்தில் நிறுத்திக்கொள்ள எனக்குத் தடையில்லை. விசுவசித்தே ஆகவேண்டும் என்று ஒருவர் கட்டளையிடும்போதுதான் எனக்குத் தடை.

பழஞ்சுவடி

விவாகத்தைப் பற்றி பெரேயா வாசகன் முதலில் எழுப்பிய கேள்விக்குத் திரும்ப விரும்புகிறேன், ஏனெனில் 4ஆம் நூற்றாண்டில் சண்டை மூண்டது அந்தக் கேள்வியில்தான்.

எல்விதியுஸ் 380ஐ ஒட்டி உரோமையில் எழுதியபோது அவருடைய நோக்கம் மரியாவை இழிவுபடுத்துவது அன்று. துறவு வாழ்வே உயர்ந்தது என்று நகரின் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஓங்கிவந்த குரலுக்கு எதிராக, இல்லறமும் அதற்கு நிகரானது என்று காட்ட அவர் மரியாவையே சான்றாகக் கொண்டார்: கன்னியாய் இருந்தபோதும் புனிதர், பல பிள்ளைகளின் தாயானபோதும் புனிதர். எரோணிமுஸ் 383ஐ ஒட்டி அதற்கு எழுதிய மறுப்பு கடுமையானது. அதில்தான் அவர் ஒன்றுவிட்ட சகோதரர் விளக்கத்தை வைத்தார். யோசேப்பும் கன்னி காத்தவரே என்றும் சேர்த்தார். தமக்கு முன் அந்த விளக்கத்தைத் தந்த எவரையும் அவர் காட்டவில்லை. இக்னாசியார், பொலிக்கார்ப்பு, இரனேயு, யுஸ்தீன் என்று பெயர்களை அடுக்குகிறார், மேற்கோள் ஒன்றும் தரவில்லை. லைட்ஃபுட் இதைச் சுட்டிக்காட்டியே அந்த விளக்கம் எரோணிமுஸோடு பிறந்தது என்று வாதிட்டார். என் மதிப்பீடும் அதுவே. இது போதனையின் மேல் நான் வைக்கும் குறையல்ல. எரோணிமுஸுக்கு முன்பே போதனை இருந்தது. அவருடைய விளக்கம் இல்லாமலேயே கிழக்கு அதைக் காத்துவந்திருக்கிறது.

பத்தாண்டுக்குப் பின், இல்லறமும் துறவுக்கு நிகரே என்ற யோவினியனுக்கு எதிராக எரோணிமுஸ் எழுதியபோது, திருமணத்தைத் தாழ்த்திப் பேசிய வேகம் உரோமையில் இருந்த அவருடைய நண்பர்களையே சங்கடப்படுத்தியது; பம்மாக்கியுஸ் அந்தப் படிகளைத் திரும்பப் பெற முயன்றார். திருமணத்தை இழிவுபடுத்தாமல் கன்னிமையைப் புகழ முடியுமா என்ற சவாலுக்கு விடையாகத்தான் அகுஸ்தினார் 401ஐ ஒட்டித் திருமணத்தின் நன்மையைப் பற்றி ஒரு நூலும், கன்னிமையைப் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். ஆகவே பெரேயா வாசகனின் உறுத்தல் வெளியிலிருந்து வரும் குற்றச்சாட்டு அல்ல. போதனையை ஏற்றவர்களுக்குள்ளேயே அது அப்போதே எழுந்தது.

ஆனால் துறவு மோகம்தான் இப்போதனையைப் பெற்றெடுத்தது என்ற எளிய விளக்கத்துக்கு வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குறுக்கே நிற்கிறார். அவரைவிடக் கடுமையான ஒழுக்கவாதியை அந்தக் காலத்தில் காண்பது அரிது, மறுமணத்தையே மறுத்தவர். அவர்தான் மரியா இயேசுவைப் பெற்ற பின் ஒரே கணவனோடு வாழ்ந்த மனைவி என்று எழுதினார். கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றமே என்றவர்களுக்கு எதிராக, அவர் உண்மையான உடலோடு எல்லாரையும்போல் பிறந்தார் என்று நிறுவுவது அவருக்கு முதன்மையாக இருந்தது. எல்விதியுஸ் அவரைச் சான்றாக அழைத்தபோது, அவர் திருச்சபையைச் சேர்ந்தவரே அல்லர் என்று எரோணிமுஸ் ஒதுக்கிவிட்டார். 200ஐ ஒட்டிய காலத்தில் இரண்டு கருத்துகளும் உயிரோடு இருந்தன என்பதை அந்த ஒதுக்கல் மறைத்துவிட முடியாது.

திருவழிபாட்டு மாணவி

திருமணத்தைப் பற்றித் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மரியாவின் கன்னிமையை நாங்கள் போற்றுவது இல்லறம் மாசு என்பதால் அல்ல. ஒருவர் தம்மை முழுவதுமாக ஓர் அழைப்புக்குக் கொடுத்தார் என்பதன் அடையாளமாக அதைக் காண்கிறோம். கோவிலின் கிழக்கு வாயிலைப் பற்றி எசேக்கியேல் 44:2 சொல்வதை அம்புரோஸ் மரியாவுக்குப் பொருத்தினார்: ஆண்டவர் அதன்வழி நுழைந்ததால் அது மூடியே இருக்கும். வாயில் மற்றவர்களுக்கு மூடப்பட்டது அவர்கள் தீயவர்கள் என்பதால் அல்லவே. எங்கள் பக்கத்துப் பிரசங்கங்கள் சில இதை வேறுவிதமாகச் சொல்லியிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை.

இரண்டாவது காலத்தை, அதாவது பேற்றின்போது கன்னி என்பதை, இங்கே எல்லாரும் ஒதுக்கிவிட்டதால் அதையும் சொல்கிறேன். 649ஆம் ஆண்டு திருத்தந்தை முதலாம் மார்ட்டின் கூட்டிய இலாத்தரன் சங்கம் இதை அறிக்கையிட்டது. 1555இல் நான்காம் பவுலும் பேற்றுக்கு முன்னும் பேற்றின்போதும் பேற்றுக்குப் பின்னும் என்று மூன்றையும் உறுதிசெய்தார். ஆனால் அதன் உடலியல் பொருள் என்ன என்பதில் கத்தோலிக்க இறையியலாளருக்குள்ளேயே 20ஆம் நூற்றாண்டில் கருத்து வேறுபட்டது. 1952இல் மிட்டரர் என்ற ஆஸ்திரிய இறையியலாளர் கேள்வி எழுப்பினார். கார்ல் ரானர், திருச்சபை அறிக்கையிடுவது உடற்கூற்று விவரங்களை அல்ல என்ற வழியில் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், மகன் தம் தாயின் கன்னிமை நிறைவைக் குறைக்காமல் அதைப் புனிதப்படுத்தினார் என்று மட்டும் சொல்லி, விவரத்துக்குள் இறங்கவில்லை. அந்த அடக்கம் சரியானது என்று நான் கருதுகிறேன். கிறிஸ்து உண்மையான மனிதராகப் பிறந்தார் என்ற தெர்த்துல்லியனின் கவலையை நாம் கைவிட முடியாது. தலைப்பேறான ஆண் குழந்தையைத் தாயின் கருப்பையைத் திறப்பவன் என்று லூக்கா 2:23 பேசும் சட்டத்தின் மொழியும் அந்தக் கவலையை நினைவூட்டுகிறது.

புதிய வாசகி

நீண்ட நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் கேட்கிறேன். என் குடும்பத்தில் இரண்டு சபையாரும் இருக்கிறார்கள். இதை ஏற்காத ஒருவர் அந்தந்தத் திருச்சபையின் பார்வையில் எந்த இடத்தில் நிற்கிறார்? இன்னொன்று, மாற்கு 15:40இல் சிலுவையருகே நிற்கும் ‘சின்ன யாக்கோபு, யோசே ஆகியோரின் தாய் மரியா’ யார்? மாற்கு 6:3இல் வரும் அதே இரண்டு பெயர்கள் அல்லவா?

ஆய்வுநெறி

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையில் இது விசுவாசக் கோட்பாடு; மனமறிந்து மறுப்பது விசுவாசத்தின் ஒரு பகுதியை மறுப்பதாகக் கருதப்படும். ஆர்த்தடாக்ஸ் சபையில் சங்கத்தின் மொழியும் வழிபாடும் அதே எடையைத் தருகின்றன. லூத்தரன், ஆங்கிலிக்க, மெத்தடிஸ்ட் சபைகளில் ஏற்பவரும் ஏற்காதவரும் ஒரே திருவிருந்தில் பங்குபெறுகிறார்கள். பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ரட்சிப்பு இதன்மேல் தொங்குகிறது என்று அவர்கள் யாரும் போதிப்பதில்லை.

பழஞ்சுவடி

மாற்கு 15:40தான் முழு விவாதத்திலும் கடினமான வசனம்; புதிய வாசகி அதைப் பிடித்ததில் மகிழ்ச்சி.

எரோணிமுஸின் விளக்கம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது. யாக்கோபுக்கும் யோசேவுக்கும் வேறொரு மரியா தாயென்றால், மாற்கு 6:3இல் உள்ளவர்கள் அவள் பிள்ளைகளே என்பது அவர் வாதம். பிறகு யோவான் 19:25ஐச் சேர்த்து, அவளை இயேசுவின் தாய்க்குச் சகோதரியாக்குகிறார். இங்கே இரண்டு இடர்ப்பாடுகள். உடன்பிறந்த இருவருக்கும் மரியா என்றே பெயரிட்டிருப்பார்களா என்பது ஒன்று. அந்த வசனத்தில் இருப்பவர்கள் மூன்று பெண்களா நான்கு பெண்களா என்பதே தெளிவில்லை என்பது மற்றொன்று. யாக்கோபு, யோசே என்பவையும் அந்தக் காலத்தில் மிகப் பரவலாக வழங்கிய பெயர்கள். அந்த யாக்கோபைச் ‘சின்ன’ என்ற அடைமொழியோடு மாற்கு குறிப்பது வேறொருவரிடமிருந்து பிரித்துக்காட்டத்தான் என்றும் கொள்ளலாம்.

எல்விதியுஸின் விடையோ இதைவிட வலுக்குறைந்தது. அந்த மரியா இயேசுவின் தாயே என்றார் அவர். அப்படியானால் மகன் சிலுவையில் தொங்கும் நேரத்தில் மாற்கு அவரை இயேசுவின் தாய் என்று சொல்லாமல் வேறு இரு பிள்ளைகளின் தாய் என்று ஏன் அறிமுகப்படுத்தவேண்டும்? இன்று எல்விதியுஸின் பக்கம் நிற்கும் ஆய்வாளர்களிலும் பெரும்பாலோர் இந்த அடையாளத்தை விட்டுவிட்டு, இவர் வேறொரு மரியா என்றே கொள்கிறார்கள்.

கத்தோலிக்கக் குருவான ஜான் மையர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், விசுவாசத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வரலாற்று முறையை மட்டும் பின்பற்றினால், அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதே மிக நிகழக்கூடியது என்று எழுதினார். மறுபுறம், ஆங்கிலிக்க அறிஞர் ரிச்சர்ட் பாக்கம் எப்பிபானியுஸின் விளக்கத்தை எளிதில் தள்ளமுடியாது என்று வாதிட்டார். சபை அடையாளத்தை வைத்து முடிவை ஊகிக்க முடியாத இந்த நிலைமை எனக்கு நம்பிக்கை தருகிறது.

என் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வசனங்களை மட்டும் வைத்தால் தராசு பெரேயா வாசகனின் பக்கம் சற்றுச் சாய்கிறது, முற்றாகச் சாயவில்லை. 2ஆம் நூற்றாண்டிலிருந்து தெரியவரும் சபை நினைவுக்கு எடை உண்டு என்று நான் நம்புகிறேன். அதனால் போதனையை ஏற்கிறேன். அந்த நினைவுக்கு எடை தராத ஒருவரிடம், வசனத்தாலேயே உன்னை வென்றுவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

கீழைத்திருச்சபை

சபை நினைவு என்று சொல்லும்போது எகேசிப்புஸை மறந்துவிடக்கூடாது. எருசலேமில் யாக்கோபுக்குப் பின் குலோப்பாவின் மகன் சிமெயோன் தலைமை ஏற்றதையும், குலோப்பா யோசேப்பின் சகோதரர் என்பதையும், யூதாவின் பேரன்கள் பேரரசர் தொமித்தியன் முன் நிறுத்தப்பட்டதையும் திருச்சபை வரலாற்றை எழுதிய எவுசேபியுஸின் வழியாக நமக்குத் தந்தவர் அவரே. யூதாவை அவர் ‘மாம்சத்தின்படி ஆண்டவரின் சகோதரர் எனப்பட்டவர்’ என்கிறார். அந்த ‘எனப்பட்டவர்’ என்ற சொல்லை நாங்கள் ஒருவிதமாகவும் பெரேயா வாசகன் வேறுவிதமாகவும் படிப்போம் என்று எண்ணுகிறேன்.

பெரேயா வாசகன்

ஆம், வேறுவிதமாகத்தான் படிக்கிறேன். ‘மாம்சத்தின்படி’ என்பது எனக்கு அழுத்தமாகத் தெரிகிறது, ‘எனப்பட்டவர்’ என்பது உங்களுக்கு அழுத்தமாகத் தெரிகிறது. எகேசிப்புஸின் நூல் முழுவதும் நம்மிடம் இல்லை. எவுசேபியுஸ் எடுத்துத் தந்த துண்டுகளே எஞ்சியிருக்கின்றன. அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கத் தனி இழை ஒன்றைப் பழஞ்சுவடி ஐயா தொடங்கினால், யாக்கோபின் மரணத்தைப் பற்றிய பகுதியிலிருந்து நானே ஆரம்பிக்கிறேன்.